பேச்சியின் இடத்தில் உட்கார்ந்தவள்

தம்பி,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஏலக்காய்க் கிட்டங்கியில் சோலி முடிந்து வீட்டுக்கு வந்தால் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் கண் சொருகிவிடுகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு ரேடியோதான் பேசிக்கொண்டிருக்கிறது, எனக்கும் சேர்த்து. உனக்குக் கல்யாணமாகி நீ கோயம்புத்தூரோடு போன பிறகு, ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பது எப்படி என்று நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. சோறு தினமும் மிஞ்சுகிறது. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் நானே குடிக்கிறேன். இதைப் படித்ததும் உன் பெண்டாட்டி, "அத்தை குறைப்பட்டுக்கிறாங்க" என்பாள். ஆமாம், குறைதான் படுகிறேன். பெற்ற பிள்ளையிடம் படாமல் தபால்காரனிடமா படுவது?

நீ கேட்டதற்கு வருகிறேன். பட்டறையில் ஆட்களை இருபதுக்குள் நிறுத்திக்கொண்டால் தொழிலாளர் இன்சூரன்சு சட்டம் உன்னைத் தொடாதாம். மிச்சப் பையன்களை உன் மச்சினன் பேரில், பின்கட்டில் தனிப் பட்டறை என்று எழுதிக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொல்கிறாராம். "நம்ம பையன்களுக்கு ஒன்று என்றால் நான் பார்க்காமல் விட்டுவிடுவேனா அம்மா, இதற்குப் போய் எதற்குச் சட்டம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் உன் அப்பாவே எதிரில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது போல இருந்தது. அதே வார்த்தைகள். அவருக்கு மீசை இருந்தது, உனக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம். எழுதினால் நீ கேட்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எமர்ஜென்சி முடிந்து ஆட்சி மாறியிருந்த காலம் அது. நீ அப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு லீவுக்கு வந்தபோது, "ஏம்மா, இப்பல்லாம் கிட்டங்கில வேலை செய்றவங்க உன்கூட உக்காந்து சாப்பிடறதில்லையா?" என்று கேட்டாய். வெயில் காலம், ஆளுக்கொரு பக்கம் நிழல் தேடுகிறார்கள் என்று சொல்லி மழுப்பினேன். இன்று மழுப்பப் போவதில்லை. கடைசியில் என்னைப் பற்றியும் ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதுவரை தூங்கிவிடாமல் படி.

உன் அப்பா நல்லவர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ராசிங்காபுரத்துக்காரன் ஒருவன் நம்மிடம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒருநாள் அடுக்கு சரிந்து ஏலக்காய் மூட்டை அவன் இடுப்பில் விழுந்தது. அப்பா அவனை ஜீப்பில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்து, எழுந்து நடக்கிறவரைக்கும் அவன் வீட்டுக்கு அரிசி அனுப்பினார். ஊரே மெச்சியது. அதற்குப் பிறகு நடந்ததை ஊர் பெரிதாகக் கவனிக்கவில்லை, நான் பார்த்தேன். அவன் பெண்டாட்டி விடிவதற்குள் வந்து நம் வாசலைத் தெளித்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்று எத்தனை சொன்னாலும் நிற்கமாட்டாள். கூலி கூட்டிக் கேட்டு எல்லாரும் வெளியே நின்ற அன்றைக்கு, அவன் ஒருவன் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்து மூட்டை தூக்கினான். அவனைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். அதே வருஷம் தேவாரத்துக்காரி ஒருத்தி மஞ்சள்காமாலையில் விழுந்தாள். அவள் அப்பாவிடம் எதிர்த்துப் பேசுகிறவள். அவள் விழுந்தது அப்பாவுக்குக் கண்ணிலேயே படவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, நிஜமாகவே படவில்லை. மனுஷனுக்குப் பிடித்தவர்கள் பக்கம்தான் இரக்கம் முதலில் திரும்புகிறது. உன் இரக்கம் எந்தப் பக்கம் திரும்பும் என்று உன் பட்டறைப் பையன்கள் தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய வேண்டுமா என்று யோசித்துப் பார்.

அப்பா போன பிறகு கிட்டங்கி என் தலையில் விழுந்தது. நீ லீவில் வந்து மூட்டை மேல் ஏறிக் குதித்ததோடு சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று நீ கவனித்ததில்லை. மலையிலிருந்து காய்ந்து வருகிற ஏலக்காயைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் பரப்பித் தரம் பிரிப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் வரிசையில் ஓர் இடம் உண்டு. சன்னலோரத்து இடங்களுக்குப் போட்டி, ஏனென்றால் பச்சை நிறக் காயும் வெளிறின காயும் அந்த வெளிச்சத்தில்தான் சட்டென்று பிரிந்து தெரியும். அந்த இடம் அவள் சொத்து மாதிரி. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த இடங்கள்கூட உண்டு. உடம்புக்கு முடியவில்லை, விசேஷம், அல்லது கூலி அதிகம் கிடைக்கிறது என்று காய் பறிக்க மலைக்கே போய்விட்டாள் என்றால், வீட்டிலிருந்து ஓர் அக்காளையோ நாத்தனாரையோ தன் இடத்துக்கு அனுப்பிவைப்பாள். மாத்தாள் என்று சொல்வோம். மாத்தாளாக வந்தவளுக்குத் தன் பேர் அன்றைக்குக் கிடையாது. இடத்துக்காரியின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். "ஏ பேச்சி, அந்த மொறத்தக் கொண்டா" என்றால், "இந்தா வர்றேன்" என்று பேச்சி அல்லாதவள் எழுந்து வருவாள். கூலியும் இடத்துக்காரி பேரில் போகும், அவர்கள் வீட்டுக்குள் பிரித்துக்கொள்வார்கள். இதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததே இல்லை. எனக்கும் அது ஒரு வசதி. எந்த நாளும் எந்த இடமும் காலியாகக் கிடக்காது.

பிறகு காயைச் சுத்தம் பண்ண மோட்டார் மிஷின் போட்டேன். மோட்டார் ஓடுகிறது, ஆட்களும் இருபதுக்கு மேல் என்றவுடன் சட்டத்தின் கண்ணுக்கு நம் கிட்டங்கி தொழிற்சாலை ஆகிவிட்டது. நான் ஒன்றும் விரும்பிப் போய்ச் சேரவில்லை, வந்து இன்சூரன்சில் சேர்த்துவிட்டார்கள். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், அதற்கு மேல் நான் போட வேண்டும். ஊரில் டிஸ்பென்சரி, பெரிய வைத்தியத்துக்கு மதுரையில் ஆஸ்பத்திரி. பெண்களுக்கு முதலில் ஆத்திரம்தான். "தரும ஆஸ்பத்திரிதான் சும்மா இருக்கே, அதுக்கு நாம எதுக்குக் காசு அழணும்?" என்றார்கள். உடம்புக்கு முடியாமல் படுத்தால் படுத்த நாளுக்கும் கூலியில் பாதி வரும், பிள்ளை பெற்றாலும் வரும் என்று விளங்கியபோது வாயடைத்துப் போனார்கள். மருந்து எங்கும் கிடைக்கும் தம்பி. படுத்திருக்க யார் காசு கொடுப்பார்கள்? அட்டைக்கு ஆளுக்கொரு பேர் கேட்டார்கள். நாங்கள் இடத்துக்காரிகளின் பேரைக் கொடுத்தோம். மாத்தாள்கள் என்று ஒரு கூட்டம் இருப்பது அன்றைக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை, அவர்களுக்கும் வரவில்லை.

பேச்சி சிலமலைக்காரி. சின்ன வயசு. புருஷன் மலையில் எஸ்டேட்டில் வேலை. முதல் பிள்ளையை மலையிலேயே சுமந்தாள். வலி கண்டு ஜீப்பில் போடிமெட்டு இறக்கத்தில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தபோது பிள்ளை உயிரோடு இல்லை. அடுத்த வருஷம் காய் பறிப்புக்குப் புருஷனோடு மறுபடி மலை ஏறினாள். அவள் இடத்துக்கு அக்காள் நாகம்மாள் வந்தாள். நாகம்மாளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் விட்டுவிட்டுப் போனவன். வாய் ஓயாது அவளுக்கு. எனக்கு அவளைப் பிடிக்கும். மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது என் டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்து, "மொதலாளியம்மா வீட்டுக் கொழம்புல இன்னைக்கும் உப்புக்குப் பஞ்சமாப் போச்சா?" என்பாள். அப்பா இல்லாத வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்த வட்டத்தில்தான். அந்தப் பறிப்புக் காலம் முழுக்க அவளைப் பேச்சி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

ஒருநாள் அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. சேலையெல்லாம் ரத்தம். பல நாளாகவே போய்க்கொண்டிருந்திருக்கிறது, சொன்னால் வேலை போய்விடும் என்று துணியை மடித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பெண்கள் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். பேர் என்ன என்று கேட்டதற்கு, பாதி மயக்கத்தில் அவளே "பேச்சி" என்றாளாம். கிட்டங்கியில் வேலை செய்கிறவள்தான் என்று என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டு ஆள் வந்தபோது, பேச்சியம்மாள் என்று எழுதியிருந்ததில் நான் போட்டுக் கொடுத்தேன். யோசித்துச் செய்த பொய் என்று சொன்னால் அதுதான் பொய். கை பழக்கத்தில் போட்டது. மதுரையில் உடனே ஆபரேஷன் பண்ணிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் டாக்டர். படுத்த நாளுக்கெல்லாம் அரைக்கூலியும் வந்தது. அந்தச் சட்டத்தை அன்றைக்குக் கும்பிட்டோம்.

மறு வருஷம் பேச்சி மறுபடி உண்டானாள். மலைக்குப் போகமாட்டேன் என்று இங்கேயே தங்கித் தன் இடத்துக்கு வந்தாள். ஏழாம் மாதம் டிஸ்பென்சரி டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "இனிமேல் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் தங்காது" என்று சொல்லிவிட்டார். பிரசவ லீவு கேட்டு எழுதிப் போட்டாள். மதுரையிலிருந்து பதில் வந்தது. பேச்சியம்மாளுக்குப் போன வருஷமே கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டது, இப்போது பிள்ளை உண்டாகியிருப்பது யார் என்று விசாரிக்க அதிகாரி வருகிறார் என்று. முதலில் எல்லாரும் சிரித்தோம். நாகம்மாள் தங்கச்சியின் வயிற்றைத் தட்டி, "அடியே, ஒனக்குக் கர்ப்பப்பையே இல்லையாம்டி, உள்ள இருக்கது யாரு, வெளிய வரச் சொல்லு" என்றாள். சிரிப்பு அடங்கின பிறகுதான் உறைத்தது.

அன்று சாப்பாட்டு வட்டத்தில் பெண்கள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சன்னலோரத்தில் உட்காரும் வீருசின்னம்மாள், அவர்களில் மூத்தவள், என்னிடம் சொன்னாள். "ஆத்தா, நீங்க வாயத் தொறக்காதீங்க. பேச்சி லீவு வேணாம்னு எழுதிக் குடுத்துரட்டும். பிரசவத்த நாங்க பாத்துக்கறோம். தோண்டித் துருவுனான்னா மாத்தாளே ஆகாதும்பான். பெறகு எங்க வீட்டுப் பிள்ளைக பொழப்புக்கு எங்க போகும்?" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மாத்தாள் இருந்ததால்தான் ஒரு வீட்டுக்கு மலைக்கூலியும் கிட்டங்கிக் கூலியும் சேர்ந்து வந்தது. நாகம்மாள், "தங்கச்சி படுத்துக்கட்டும், அவளுக்கும் சேத்து நான் ஒழைச்சுக் கொட்றேன்" என்றாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வயிற்றைக் கிழித்துத் தைத்த உடம்போடு அவள் எங்கே உழைத்துக் கொட்டுவது? பேச்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றதற்கு, "சோலி இருக்கும்மா, வெரசாப் போகணும்" என்றாள், போகவும் இல்லை. நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். உன் அப்பாவின் பெண்டாட்டிதானே நானும், "லீவு கூலிய நான் தர்றேன் பேச்சி. யாருக்கும் தெரிய வேண்டாம். நீ போய்ப் படு" என்றேன். பெரிய மனசோடு சொல்கிறோம் என்று உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் சந்தோஷத்தில் இல்லை.

"வேணாம்மா. உங்க கையில வாங்கினா காலம் பூரா நான் உங்க ஆளு. ராசிங்காபுரத்து அண்ணே வீட்ல அந்த அக்கா உங்க வாசத் தெளிச்சத நானும் பாத்திருக்கேன். அட்டையில வாங்கினா அது என் கூலியில புடிச்சது. யாரு முன்னாடியும் குனிய வேண்டியதில்ல."

"அக்கா மாட்டிக்குவாளேடி" என்றேன்.

"தெரியும்மா. நெனைச்சா ஈரக்கொல நடுங்குது. ஆனா இந்தப் பிள்ளை எனக்கு வேணும். அது ஒண்ணுதான் தெரியுது."

அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்படி வெட்கத்தைவிட்டு உள்ளதைச் சொல்லும்படி கேட்க அவளுக்கு என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. உன் அப்பா இருந்திருந்தால் அவர் மேல் பாரத்தைப் போட்டிருப்பேன்.

அதிகாரி மறுநாளே வந்தார். நல்ல மனிதர்தான், அதட்டவில்லை. என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதோ இருக்கிற பேச்சியம்மாதான் போன வருஷம் ஆபரேஷன் பண்ணிக்கொண்டவரா? நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போய்விடுவேன் அம்மா" என்றார். வரிசையில் அத்தனை முறங்களும் நின்றுபோயின. நாகம்மாள் அன்று வேறொருத்தியின் இடத்தில் மாத்தாளாக உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்று சொன்னால் வயிற்றுப் பிள்ளைக்காரி பொய்க்காரி ஆகி அட்டையும் போகும், பிள்ளையும் போகும். இல்லை என்று சொன்னால் நாகம்மாள் மாட்டுவாள். தெரியாது என்று சொன்னாலும் பேச்சிதான் போவாள். நான் நாகம்மாளைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்து, "இல்லைங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டது இவ அக்கா. இவ இடத்துல அவ வேலை பாத்தா. அந்தப் பறிப்புக் காலம் பூரா இந்தப் பேர்ல பிடிச்ச காசு அவ ஒழைச்ச காசு. கையெழுத்து நான் போட்டது. தப்புன்னா என்னையச் சேர்த்து எழுதுங்க" என்றேன். அவர் எழுதினார். வீருசின்னம்மாள் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

பேச்சிக்கு லீவும் கூலியும் கிடைத்தது. எனக்கு அபராதம் போட்டார்கள், கட்டினேன். நாகம்மாளை மதுரைக்குக் கூப்பிட்டு அலைக்கழித்து, கடைசியில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது. இனி அட்டையில் பேர் உள்ளவள்தான் வரிசையில் உட்காரலாம் என்று உத்தரவு. மலைக்குப் போகிறவள் இடத்துக்குப் புதிய பேரை எழுதினால், அவள் திரும்பி வரும்போது இடம் இல்லை. இடத்தைக் காப்பாற்ற இங்கேயே இருந்தால் மலைக்கூலி இல்லை. வீட்டில் சும்மா இருந்த அக்காள்களுக்கும் நாத்தனார்களுக்கும் ஒருநாள் அரைநாள் வந்துகொண்டிருந்ததும் நின்றது. நான் பிள்ளையைக் காப்பாற்றினேன், அத்தனை வீட்டிலும் ஒரு கூலியை எடுத்துவிட்டேன். இரண்டும் என் ஒரு வாயிலிருந்து வந்ததுதான்.

நாகம்மாளை அவள் பேரிலேயே எழுதுகிறேன், அவளுக்கென்று அட்டை வாங்கித் தருகிறேன் என்று சிலமலைக்கு ஆள் அனுப்பினேன். வரவில்லை. நானே போனேன். வீட்டு வாசலில் நின்று பேசினாள், உட்காரச் சொல்லவில்லை. "நான் சாகக் கெடந்தப்ப என் பேரு யாருக்கும் வேண்டியிருக்கல. இப்ப மட்டும் எதுக்கும்மா?" என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். வருஷங்கள் கழித்து ஒருநாள் போடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், மூணாறு பஸ்சுக்கு நின்றிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். மலைக்காரர்கள் சொல்வது மாதிரி, "சாரமில்லம்மா" என்றாள், பரவாயில்லை என்று. கையை மெதுவாக உருவிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேச்சிக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. பேச்சி இன்றும் நம்மிடம்தான் வேலை செய்கிறாள். ஆனால் அவளும் வட்டத்தோடு போய்த்தான் உட்கார்வாள், என்னோடு உட்கார்ந்தால் மற்றவர்கள் அவளையும் ஒதுக்கிவிடுவார்கள். நான் அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்த வாரத்திலிருந்து நான் போனால் பேச்சு நின்றுவிடும். யாரும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை, "வாங்கம்மா" என்று இடம் விடுவார்கள், அவ்வளவு அகலமாக இடம் விட்டால் எப்படி உட்காருவது? அன்றிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன். நீ கேட்டாயே, அதுதான் காரணம். வெயில் இல்லை.

உண்மையைச் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. அதிகாரியிடம் சொல்வதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லாமல் விட்டதற்குத்தான் வருந்துகிறேன். அன்று காலையிலேயே, நான் இப்படித்தான் சொல்லப்போகிறேன், வாருங்கள், மாத்தாள்களுக்கும் சேர்த்துப் பேர் எழுதச் சொல்லிக் கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பார்கள். கத்தட்டுமே. எதிரில் உட்கார்ந்து கத்துகிறவர்கள் போய்விடமாட்டார்கள். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன். பின்கட்டில் எவனையும் மச்சினன் பேரில் ஒளித்து வைக்காதே. லேத்தில் அவன் விரல் போனால் அவன் எவன் பேரைச் சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுப்பான்? இருபது பேரானால் இருபது, முப்பது பேரானால் முப்பது, வேலை செய்கிறவன் அத்தனை பேரையும் அவனவன் பேரில் எழுது. ஒருநாள் மாற்றாக வருகிறவனையும் எழுது. சம்பளத்தில் பிடித்தால் முகம் கோணுவார்கள், அந்தக் கோணல் முகத்துக்கு எதிரில் நின்று எதற்கென்று சொல். ஆடிட்டருக்கு உன் பட்டறையின் வரவு தெரியும், உன் பையன்களின் இடுப்பு தெரியாது.

இனி என் சமாச்சாரம். மார்பில் ஒரு கட்டி. கொஞ்ச நாளாகவே இருந்தது, நானும் நாகம்மாளைப் போலத்தான், சொல்லாமல் மறைத்துக்கொண்டு திரிந்தேன். மதுரையில் காட்டினேன். எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகு பல நாள் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். முதலாளிக்கு அட்டை கிடையாது தம்பி. நம்மிடம் வேலை செய்கிற கடைசி ஆள் வரைக்கும் படுத்துக்கொள்ளலாம், நான் படுத்தால் கிட்டங்கி படுத்துவிடும், அவர்கள் கூலியும் படுத்துவிடும். என்ன செய்வதென்று தெரியாமல்தான் உனக்குப் பதில் போடத் தாமதமானது. நேற்றுச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பேச்சி நின்றாள். எப்படித் தெரிந்ததோ, கேட்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கம்மா. வார வரைக்கும் உங்க நாற்காலியில நான் உக்காந்து பாத்துக்கறேன்" என்றாள். "மாத்தாளாவாடி?" என்றேன். "சட்டம் மொதலாளிக்குக் கெடையாதுல்ல?" என்று சிரித்தாள். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து எத்தனையோ காலமாயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளம்பும்போது, "ஆஸ்பத்திரியில கூட யாரும்மா?" என்று கேட்டாள். என் மகன் வருவான் என்று சொல்லிவிட்டேன்.

போன தடவை டைபாய்டில் நான் கிடந்தபோது நீ பட்டறை மேனேஜரை அனுப்பிவைத்தாய், பணத்தோடும் ஆப்பிள் கூடையோடும். நல்ல பிள்ளை. ராத்திரியெல்லாம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நர்சு வந்து, "மகன் நல்லாப் பாத்துக்கறாரும்மா" என்றாள். நான் ஆமாம் என்றேன். உன் பேரைச் சொல்லி அவனைக் கூப்பிடவும் செய்தேன், அவனும் என்னம்மா என்று கேட்டான். வருகிற வியாழக்கிழமை காலையில் சேர்க்கிறார்கள். பணம் என்னிடம் இருக்கிறது. நீ வா. இந்தத் தடவையும் அந்த ஸ்டூலில் வேறு யாராவது வந்து உட்கார்ந்தால், நர்சு கேட்கும்போது உள்ளதைச் சொல்லிவிடுவேன். இவன் என் மகன் இல்லை, என் மகன் வரவில்லை என்று.

அம்மா